கடைசி வரியில் ஒளிந்திருந்த எண்

(பொறியியல் கல்லூரி இறுதியாண்டு மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். வந்ததும் புரொஜெக்டரை அணைக்கச் சொன்னேன். 'ஸ்லைடு பற்றிப் பேச வந்தவர் ஸ்லைடே கொண்டு வரலையா' என்று பின்வரிசையில் ஒரு தம்பி கேட்டது காதில் விழுந்தது. கொண்டு வந்திருக்கிறேன் தம்பி. மொத்தம் ஒன்றே ஒன்று. அதுவும் நான் செய்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் போடச் சொல்கிறேன்.

அடுத்த மாதம் உங்களுக்கு புராஜெக்ட் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. "பிள்ளைகளுக்கு விஷயம் தெரியும் சார், எழுந்து நின்றால்தான் வாய் வரமாட்டேன் என்கிறது" என்றார் உங்கள் துறைத்தலைவர். இது உங்கள் வியாதி மட்டுமில்லை. அவையஞ்சாமை என்று தமிழில் தனியாக ஒரு சொல்லே இருக்கிறது. அதைப் பெரிய குணமாகப் பேசியிருக்கிறார்கள் என்றால், அந்தக் காலத்திலும் பாதிப் பேருக்குக் கால் நடுங்கியிருக்கிறது என்றுதானே பொருள்?

என் கால் நடுங்கிய கதையைச் சொல்கிறேன். எனக்கு அப்போது 24 வயது. ஒரு தொழிற்சாலையில் வேலை. பாய்லர் குழாய்களின் சுவர்த் தடிமனை அளந்து, அது பற்றி மேலதிகாரிகள் முன்னால் பேசச் சொன்னார்கள். இருபது நிமிடத்துக்கு 32 ஸ்லைடு தயாரித்தேன். உள்ளே போனேன், திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மூச்சு விடாமல் படித்தேன். என் முதுகு மட்டும்தான் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். முடித்ததும் மேலாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சரி தம்பி, பாய்லரை நிறுத்தணுமா, வேண்டாமா?" என்று கேட்டார்.

பதில் என்னிடம் இருந்தது. நிறுத்த வேண்டும். அது 19ஆவது ஸ்லைடில் ஏழாவது வரியில் இருந்தது. நானே அதைப் படித்துவிட்டு வந்திருந்தேன், யார் காதிலும் விழவில்லை.

அதை ஏன் அங்கே கொண்டுபோய் வைத்தேன் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். வடிவமைப்புத் தெரியாததால் இல்லை. பயம்தான். 'நிறுத்துங்கள்' என்று முதல் வரியில் சொன்னால், 'ஏன்?' என்று கேட்பார்கள், 'உறுதியாகத் தெரியுமா?' என்பார்கள். பதினெட்டு ஸ்லைடுக்குப் பின்னால் சொன்னால் சொன்ன மாதிரியும் ஆச்சு, மாட்டிக்கொள்ளாத மாதிரியும் ஆச்சு. ஸ்லைடு எனக்கு முக்காடாக இருந்தது. மேடை பயத்தையும் மோசமான ஸ்லைடையும் தனித்தனி வகுப்பாக நடத்துகிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே இடத்தில் முளைப்பவையாகத்தான் படுகின்றன.

இப்போது அந்த ஒரு ஸ்லைடைப் போடுங்கள்.

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் கிளம்பியது. கிளம்பி 82 வினாடி ஆனபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைக்காப்புத் துண்டு ஒன்று பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. எடை முக்கால் கிலோ இருக்கும். உள்ளே ஏழு பேர், அவர்களில் ஒருவர் ஹரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா. விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே பொறியாளர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டு, நாசா அதிகாரிகளுக்கு விளக்கினார்கள். அப்போது காட்டிய ஸ்லைடுகளில் ஒன்றுதான் நீங்கள் பார்ப்பது.

தலைப்பைப் பாருங்கள். நம் மொழியில் சொன்னால், 'வெப்ப ஓடு துளைபடுவது பற்றி நம் கணக்கு, சேதத்தைக் கூட்டியே காட்டுகிறது என்பது சோதனைத் தரவிலிருந்து தெரிகிறது'. வெப்ப ஓடு என்றால், திரும்பும்போது விண்கலத்தைச் சூட்டிலிருந்து காக்கிற மேலோடு. தலைப்பை மட்டும் படிக்கிற அதிகாரி என்ன நினைப்பார்? அப்பாடா என்று நினைப்பார். அதன் கீழே புள்ளி, புள்ளிக்குள் கோடு, கோட்டுக்குள் இன்னொரு புள்ளி என்று எழுத்து சிறுத்துக்கொண்டே போகிறது. 'குறிப்பிடத்தக்க' என்ற பொருளில் ஒரே ஆங்கிலச் சொல் ஐந்து தடவை வருகிறது. எவ்வளவு என்று ஒரு தடவைகூடத் தெளிவாக இல்லை. இப்போது அடியில் பாருங்கள். நடந்த மோதல், சோதனை செய்த அளவுகளுக்கு வெகுவாக வெளியே இருக்கிறது என்று ஒரு வரி. அதற்கும் கீழே, கடைசியில்: நுரை பெயர்ந்த பகுதியின் கன அளவு 1920 கன அங்குலம், சோதனையில் பயன்படுத்தியது 3 கன அங்குலம்.

640 மடங்கு! கன அங்குலம் நமக்கு ஓடாது, அதனால் இப்படி நினைத்துக்கொள்ளுங்கள். சோதனை செய்தது இரண்டு தீப்பெட்டி அளவுத் துண்டை வைத்து. இங்கே பேச்சு நடப்பதோ, வீட்டுக்கு வருகிற தண்ணீர் கேன் ஒன்றரை சேர்ந்த அளவைப் பற்றி. அப்படியானால் அந்த ஸ்லைடு சொல்ல வேண்டியது ஒன்றுதான்: 'எங்களிடம் இதற்குத் தரவே இல்லை.' அது தலைப்பில் இல்லை. கடைசி வரியில் ஒரு எண்ணாகக் குந்தியிருந்தது.

பிப்ரவரி 1 அன்று திரும்பும்போது டெக்சாஸ் வானில் விண்கலம் சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள். அந்த ஆகஸ்டில் வந்த விசாரணைக் குழு அறிக்கை இந்த ஸ்லைடைத் தனியாக எடுத்துப் பேசியது. ஒரு மூத்த மேலாளர் இதைப் படித்தும், இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்று உணராமல் போயிருப்பது எளிதில் புரிகிறது என்கிற கருத்து அதில் இருக்கிறது. இந்த ஸ்லைடை வரி வரியாகப் பிரித்துக் காட்டியவர் எட்வர்டு டஃப்டி என்ற பேராசிரியர்.

ஒரு நியாயமும் சொல்லிவிட வேண்டும். ஒரு ஸ்லைடு ஏழு பேரைக் கொன்றது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இறக்கையைப் படமெடுத்துப் பார்க்கலாம் என்று பொறியாளர்கள் கேட்டதை மேலதிகாரிகள் நிறுத்திவிட்டார்கள். நுரை பெயர்வது முன்பே பலமுறை நடந்து, யாருக்கும் ஒன்றும் ஆகாததால் பழகிப்போயிருந்தது. அதெல்லாம் சேர்ந்ததுதான். ஆனால், கவலைப்பட்டவர்களுக்குக் கவலையைச் சொல்ல ஓர் இடம் கிடைத்தபோது, அந்த இடத்தை இப்படி நிரப்பினார்கள். என் 19ஆவது ஸ்லைடு அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. என் பாய்லரை நிறுத்திவிட்டார்கள், நல்லவேளை. அந்த மேலாளர் கேட்டதால் நிறுத்தினார்கள்.

சரி, ஸ்லைடை எடுத்துவிடுங்கள்.

இதே நாசாவில், கொலம்பியாவுக்கு 17 வருடம் முன்னால் நடந்த இன்னொன்று. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. ராக்கெட்டின் இணைப்பை அடைக்கிற ரப்பர் வளையம் குளிரில் இறுகிப்போனதுதான் காரணமா என்று விசாரணை. பிப்ரவரி 11 அன்று தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன்னால், விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபெய்ன்மன் அந்த ரப்பரில் ஒரு துண்டை எடுத்தார். அன்று காலை ஹார்ட்வேர் கடையில் வாங்கிய சின்ன கிளாம்ப்பில் அதை நெருக்கி, குடிக்க வைத்திருந்த ஐஸ் தண்ணீரில் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துத் தளர்த்தினார். ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. அவ்வளவுதான். வரைபடம் கிடையாது, புள்ளிவரி கிடையாது. வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் புரிந்தது. உங்கள் புராஜெக்டில் கையில் பிடித்துக் காட்ட ஏதாவது இருந்தால், உடைந்த கியராகவே இருக்கட்டும், எடுத்து வாருங்கள். அதன் படத்தை ஸ்லைடில் ஒட்டாதீர்கள்.

அப்புறம், வரைபடம் காட்டியே ஆக வேண்டிய இடமும் உண்டு. ஹான்ஸ் ரோஸ்லிங் என்ற சுவீடன் நாட்டு மருத்துவர் 2006இல் டெட் (TED) என்ற உரை நிகழ்ச்சியின் மேடையில் உலக நாடுகளையெல்லாம் குமிழிகளாக்கித் திரையில் ஓடவிட்டார். குமிழி அழகைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நான் கவனித்தது வேறு. நகர்த்துவதற்கு முன்னால் அவர் படுக்கைக் கோட்டில் என்ன இருக்கிறது, செங்குத்துக் கோட்டில் என்ன இருக்கிறது என்று நிதானமாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் ஓட்டம், கிரிக்கெட் வர்ணனை மாதிரி. நாம் கிராஃபைப் போட்டதும் 'ஆக, இதிலிருந்து தெரிவது...' என்று தாவிவிடுகிறோம். எதிரே இருப்பவர் எக்ஸ் அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டிருப்பார்.

உங்கள் பிபிடிக்கு வருகிறேன். முதலில் கணினியைத் திறக்காதீர்கள். நோட்டில் ஒரு வாக்கியம் எழுதுங்கள்: வைவா முடிந்து வெளியே போகிற எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்), காரில் ஏறும்போது எதை ஞாபகம் வைத்திருக்க வேண்டும்? அந்த வாக்கியத்தை எழுத முடியவில்லை என்றால் குறை புராஜெக்டில் இருக்கிறது, ஸ்லைடில் இல்லை. எழுதிவிட்டால் அதுதான் முதல் ஸ்லைடின் தலைப்பு. 'ரிசல்ட்ஸ்' என்று தலைப்பு போடுகிறீர்களே, அதற்குப் பதில் 'எங்கள் பம்ப் பழையதைவிடக் குறைந்த மின்சாரத்தில் ஓடியது' என்று போடுங்கள். தப்பாக இருந்தால் உடனே கேட்பார்கள். கேட்கட்டும், அதற்குத்தானே போகிறோம்? நாங்கள் அந்தக் காலத்து ஓ.எச்.பி. புரொஜெக்டருக்கான கண்ணாடித்தாளில் மார்க்கர் பேனாவால் எழுதியபோது கை வலிக்கும் என்பதற்காகவே குறைவாக எழுதினோம். இப்போது ஒட்டுவது சுலபம், அதனால் அறிக்கை முழுவதும் திரைக்கு வந்துவிடுகிறது.

நடுக்கம் போகுமா என்று கேட்பீர்கள். எனக்குப் போகவில்லை. இன்று காலைகூட இட்லி இரண்டோடு நின்றுவிட்டது. ஆனால் அது முதல் இரண்டு நிமிடத்து விவகாரம் என்று தெரிந்துகொண்டேன். ஆகவே முதல் மூன்று வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்கிறேன், மற்றதைச் செய்வதில்லை. முழுவதையும் மனப்பாடம் செய்தால் ஒரு சொல் தவறினாலும் மொத்தமும் சரிந்துவிடும். ஒத்திகையை வாய்விட்டு, நின்றுகொண்டு, கடிகாரம் வைத்துச் செய்யுங்கள். மனதுக்குள் ஓட்டிப் பார்த்தால் எல்லாம் பத்து நிமிடத்தில் முடியும், மேடையில் பதினாறு ஆகும். போனில் ஒரு முறை பதிவு செய்து கேளுங்கள். 'வந்து', 'அதாவது', 'பேசிக்கலி' எத்தனை முறை என்று எண்ணும்போது வெட்கமாக இருக்கும். மேடைப் பேச்சுப் பழகுகிற டோஸ்ட்மாஸ்டர்ஸ் சங்கங்களில் இதை எண்ணுவதற்கென்றே ஒருவரை உட்கார வைக்கிறார்கள். நீங்கள் அறைத்தோழனை உட்கார வையுங்கள்.

லேசர் பாயிண்டர் வேண்டாம். கையில் இருக்கிற சின்ன நடுக்கம் திரையில் பெரிதாக ஆடும். ஸ்லைடு ஓடும்போது விசைப்பலகையில் 'பி' எழுத்தை அழுத்தினால் திரை கறுப்பாகிவிடும், மறுபடி அழுத்தினால் வரும். கேள்வி கேட்கிறவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல அது போதும். தமிழில் ஸ்லைடு செய்கிறவர்கள் கவனியுங்கள்: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து வேறு கணினியில் திறந்தால், தமிழெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். யூனிகோடில் அடித்து, ஒரு பிடிஎஃப் பிரதியும் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பேசியது போதும். புரொஜெக்டர் அணைந்தே இருக்கட்டும். ஒவ்வொருவராக வந்து, உங்கள் புராஜெக்டில் என்ன கண்டுபிடித்தீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, பிறகு இரண்டு நிமிடம் விளக்குங்கள். பின்வரிசைத் தம்பி, நீங்களே முதலில் வாருங்கள். பென்டிரைவை அங்கேயே வைத்துவிட்டு வாங்க. மைக்கைத் தட்டிப் பார்க்க வேண்டாம், வேலை செய்கிறது.