ஆஸ்டன் பையன்கள் நால்வர் கேட்ட பாட்டு

எல்லாருக்கும் வணக்கம்.

முதலில் என் இடது கையைப் பாருங்கள். நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியிலும் பழைய பர்ஸிலிருந்து வெட்டிய தோல் துண்டை ஒட்டியிருக்கிறேன். இந்தக் கையோடு இப்போது கிடார் வாசிக்கிறேன், கேளுங்கள்.

கேட்டீர்களா? கம்பி பேசவே இல்லை, டப்பென்று அடைத்துப் போகிறது. விரல் கம்பியின் மேல் இருக்கிறதா, பக்கத்தில் இருக்கிறதா என்றே எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு அழுத்துகிறேன் என்பதும் தெரியவில்லை. வருகிற சத்தத்தை வைத்துத்தான் விரல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இத்தனை வருடம் பழகிய கை, இரண்டு சின்னத் தோல் துண்டுக்கே இப்படித் தடுமாறுகிறது. ஒருவர் அறுபது வருடம் இப்படியே வாசித்தார். அவரைப் பற்றியும் பிளாக் சபாத் என்ற ராக் குழுவில் அவரோடு நின்ற மூன்று பேரைப் பற்றியும்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

இங்கிலாந்தில் பர்மிங்காம். அதற்குள் ஆஸ்டன் என்று ஒரு பகுதி. டோனி அயோமி, ஓசி ஆஸ்பார்ன், பில் வார்டு மூவரும் 1948இல் பிறந்தவர்கள். கீசர் பட்லர் 1949. யுத்தம் முடிந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. ஜெர்மன் குண்டு விழுந்து இடிந்து கிடந்த மனைகள்தான் இந்தப் பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானம். சுற்றிலும் ஃபேக்டரிகள். படித்து முடித்தாலும் முடிக்காவிட்டாலும் பதினைந்து வயதில் ஏதாவது ஒரு ஃபேக்டரி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். ஓசியின் அம்மா லூகாஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஓசியும் கொஞ்ச நாள் அங்கே கார் ஹாரன்களுக்குச் சுதி சேர்த்திருக்கிறார். சென்னை பாடியில் பஸ் ஸ்டாப்புக்கே லூகாஸ் என்று பெயர் சொல்கிறோமே, அந்தக் கம்பெனிக்குத் தாய்வீடு அந்த பர்மிங்காம்தான்.

இந்த நால்வரும் சேர்ந்த குழுதான் பிளாக் சபாத்: டோனி கிடார், ஓசி பாட்டு, கீசர் பாஸ் கிடார், பில் டிரம்ஸ். ஹார்ட் ராக்கை இன்னும் கனமாக்கி, ஹெவி மெட்டல் என்ற வகைக்கே வழி திறந்தவர்கள். இவர்களைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: ஃபேக்டரிச் சம்மட்டிச் சத்தம் இசைக்குள் வந்துவிட்டது என்று. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதே சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் அந்த ஊரில் லட்சக்கணக்கான பேர். இந்த நால்வர் வீட்டுக்குள் எதைக் கேட்டார்கள் என்பதுதான் என் கேள்வி. தேடிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. இவர்களை உருவாக்கியதில் பாதிக்கு மேல் ராக் இசையே கிடையாது.

டோனியிடமிருந்து தொடங்குகிறேன். இத்தாலிய வம்சாவளிக் குடும்பம், வீட்டில் அக்கார்டியன். சிறுவயதில் அவர் கிடாரை எடுக்கக் காரணம் ஷேடோஸ் குழுவின் ஹாங்க் மார்வின். பாட்டே இல்லாமல் கிடார் மட்டும் பாடுகிற மாதிரி வாசித்தவர் அவர். டோனி இடது கைக்காரர், அதனால் கம்பியை அழுத்துவது வலது கை. 1965, பதினேழு வயது. தகடு வெட்டும் ஃபேக்டரியில் வெல்டராக இருந்தார். முழுநேர இசைக்காரனாகப் போகிறேன் என்று வேலையை விட்டாயிற்று, அன்றைக்குத்தான் கடைசி நாள். பிரஸ் மிஷினில் நிற்க வேண்டியவர் வரவில்லை, டோனியை அங்கே நிறுத்தினார்கள். மிஷின் இறங்கியது. வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டன.

இனி வாசிக்க முடியாது என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அந்த ஃபேக்டரியில் அவருக்கு மேலே இருந்த ஒருவர் மட்டும் ஒரு ரெகார்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். போட்டுக் கேள் என்றார். பையனுக்குக் கிடார் என்ற பேச்சே பிடிக்காமல் இருந்த நேரம். வற்புறுத்தியதால் கேட்டான், நன்றாக வாசிக்கிறார் என்று ஒப்புக்கொண்டான். அதற்கப்புறம்தான் அவர் விஷயத்தைச் சொன்னார்: வாசிப்பவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928இல் தீவிபத்தில் இடது கை வெந்து இரண்டு விரல்கள் மடங்கிப் போன ஜிப்ஸி ஜாஸ் கிடார் கலைஞர். மிச்சமிருந்த இரண்டு விரல்களை வைத்துக்கொண்டுதான் அந்த ஓட்டமெல்லாம்.

ஒரு ரெகார்டால் இதைவிடப் பெரிய காரியம் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

டோனி பாத்திரம் கழுவும் சோப்பு பாட்டிலை எடுத்தார். பிளாஸ்டிக்கை உருக்கி உருண்டையாக்கினார். சால்டரிங் அயர்னால் துளை போட்டு விரல் நுழைகிற அளவுக்குக் குடைந்தார். உப்புத்தாள் வைத்துத் தேய்த்துத் தேய்த்து விரல்நுனி வடிவத்துக்குக் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் கம்பியில் வழுக்கியது. அதனால் பழைய ஜாக்கெட்டிலிருந்து தோல் வெட்டி அதன்மேல் ஒட்டினார். இதைச் செய்தது வெல்டர் கை என்பதை மறந்துவிடாதீர்கள். அவர் எந்த வேலையைவிட்டுத் தப்பித்துப் போக நினைத்தாரோ, அதில் கற்ற கைத்தொழில்தான் அவருக்குக் கிடாரைத் திருப்பிக் கொடுத்தது.

கனமான கம்பியை அந்த விரலால் வளைக்க முடியாது. மெல்லிய கிடார் கம்பி அப்போது எளிதில் கிடைக்காது, பாஞ்சோ கம்பியை எடுத்து மாட்டினார். பல கார்டுகளை, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கூட்டங்களை, பிடிக்கவும் வராது. குறைந்த விரலில் கனமாக ஒலிக்கிற பிடிகளைத் தேடிக்கொண்டார். அப்புறம் சுதியையே இறக்கினார். 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் சில பாட்டுகளுக்கு மூன்று அரைச்சுரம் கீழே. கம்பி தளர்ந்தது, விரலுக்கு வலி குறைந்தது, கிடார் பூமிக்கடியிலிருந்து வருகிற மாதிரி ஒலிக்கத் தொடங்கியது. இன்றைக்கு மெட்டல் வாசிக்கிற பையன்கள் சுதியை இறக்குகிறார்களே, அந்தப் பழக்கத்துக்கு வேர் இங்கே இருக்கிறது.

சரி, ஜாங்கோவின் சாயல் இசையில் எங்கே என்று கேட்பீர்கள். இரண்டாவது ஆல்பமான ‘பாரனாய்டு’, 1970. அதில் ‘பிளானட் கேரவன்’ என்று ஒரு பாட்டு. சத்தமே இல்லாத பாட்டு அது. கடைசியில் டோனி வாசிக்கும் அந்த நீண்ட தனி வாசிப்பைக் கண்ணை மூடிக் கேளுங்கள், பாரிஸ் ஜாஸ் கிளப்புக்குள் உட்கார்ந்திருப்பீர்கள்.

அடுத்து கீசர். அயர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம். முதலில் கிடார் வாசித்தவர், இந்தக் குழுவுக்காகத்தான் பாஸுக்கு மாறினார். அவருக்கு வழிகாட்டி க்ரீம் குழுவின் ஜாக் புரூஸ். பாஸ் என்றால் ஓரமாக நின்று அடிச்சுரத்தைத் தட்டுவது என்ற எண்ணத்தை ஜாக் புரூஸ் உடைத்தார், கம்பியை வளைத்துப் பாடவைத்தார். குழுவில் இருந்தது ஒரே ஒரு கிடார். அதனால் கீசர் டோனியின் வரியோடு கூடவே ஓடினார். அந்தத் தடிமன் இரண்டு பேர் ஒரே வரியை இழுத்ததால் வந்தது. பெரும்பாலான பாட்டு வரிகளை எழுதியவரும் அவர்தான்.

கீசர் கொண்டுவந்த இன்னொரு பொருளும் உண்டு. குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 1914இல் எழுதிய ‘செவ்வாய்’. கிரகங்களைப் பற்றிய பெரிய ஆர்கெஸ்ட்ரா படைப்பின் ஒரு பகுதி அது. ஒத்திகையில் கீசர் அதை பாஸில் வாசித்துக்கொண்டிருந்தார். மறுநாள் டோனி மூன்று சுரத்தில் ஒரு ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிடார் வரி, போட்டார். இதோ, தோலைக் கழற்றிவிட்டு வாசிக்கிறேன். கீழ் ஸ. மேல் ஸ. அப்புறம் இது, கொஞ்சம் நடுங்க விடுகிறேன். நம் கணக்கில் பிரதி மத்யமம்.

கல்யாணி ராகத்தில் நாம் தினமும் கேட்கிற சுரம்தான். கச்சேரியில் அது வந்தால் முகம் மலர்கிறோம். ஐரோப்பாவில் இந்த இடைவெளிக்குப் பழைய இசையாசிரியர்கள் ‘இசைக்குள் இருக்கும் சாத்தான்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். சர்ச் இதைத் தடைசெய்தது என்று ஒரு கதை சுற்றுகிறது, அதை நம்பவேண்டாம். ஆனால் அந்தக் காதுக்கு அது பயத்தின் சுரம். நமக்கு ஸ-வுக்கும் பிரதி மத்யமத்துக்கும் நடுவில் காந்தாரம், ரிஷபம் என்று சொந்தக்காரர்கள் கூட வருகிறார்கள். டோனி எல்லாரையும் விலக்கிவிட்டு அந்தச் சுரத்தைத் தனியாக நிறுத்தினார். குழுவின் பெயரைக் கொண்ட பாட்டு அப்படித்தான் பிறந்தது. அதுவரை ‘எர்த்’ என்ற பெயரில் பப்புகளில் ப்ளூஸ் வாசித்துக்கொண்டிருந்த பையன்கள் அவர்கள்.

ஓசியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அவர் வாழ்க்கை எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒன்றை விட முடியாது. அவருக்குக் குரு பீட்டில்ஸ். 1963இல் ‘ஷீ லவ்ஸ் யூ’ ரேடியோவில் வந்தபோது அவருக்குப் பதினான்கு வயது. அன்றைக்கே தன் வாழ்க்கை முடிவாகிவிட்டது என்று கடைசிவரை சொல்லிவந்தார். அந்த இருட்டான இசைக்கு மேலே ஒரு முணுமுணுக்கத்தக்க மெட்டு எப்போதும் மிதக்கிறதே, அது பீட்டில்ஸ் கொடுத்தது. கிடார் வரியையே அப்படியே பாடுகிற பாட்டுகளில்கூட அந்தக் குரல் தெளிவாக, பையன் குரலாக நிற்கிறது. மிரட்டுகிற குரல் ஒன்று அங்கே பாடியிருந்தால் உலகம் இவர்களை இவ்வளவு நெருக்கமாக எடுத்துக்கொண்டிருக்காது என்பது என் எண்ணம்.

இப்போது பில் வார்டு. இவருக்காகத்தான் நான் இந்த மேடைக்கே வந்தேன். கிடார் கதை எல்லாரும் சொல்வார்கள், டிரம்ஸ் கதையைச் சொல்ல ஆள் குறைவு.

பில் சின்ன வயதில் கேட்டு வளர்ந்தது நாற்பதுகளின் பிக் பேண்ட் ஜாஸ், பெரிய குழுவாக வாசிக்கும் ஜாஸ். ஜீன் க்ருப்பா, பட்டி ரிச், லூயி பெல்சன். நடனக் கூடங்களில் ஜோடிகளை ஆடவைத்த டிரம்ஸ் அது. தாளம் கட்டையாக நேர்கோட்டில் போகாது. இரண்டு தட்டுகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஊஞ்சல் இருக்கும், அதை ஸ்விங் என்பார்கள். கையால் தட்டிக் காட்டுகிறேன். டக்-டக்-டக்-டக், இது நேர்த் தாளம். டக்… ட-டக்… ட-டக், இது ஸ்விங். இரண்டாவதைத் தட்டும்போது முன்வரிசையில் சில தலைகள் ஆடின, பார்த்தேன். அந்தத் தலையாட்டல்தான் விஷயம்.

இரும்பு மாதிரி கனமான ரிஃப் ஒன்றை நேர்த் தாளத்தில் வைத்தால் அது அப்படியே உட்கார்ந்துவிடும். பில் அதற்கடியில் ஊஞ்சலைக் கட்டினார். ‘ஃபேரீஸ் வேர் பூட்ஸ்’ கேளுங்கள், ‘விக்கட் வேர்ல்டு’ தொடங்கும் இடத்தைக் கேளுங்கள், சுத்தமான ஜாஸ் கை. பின்னால் வந்த ஆயிரம் குழுக்கள் டோனியின் கனத்தை எடுத்துக்கொண்டன. பில்லின் அசைவை எடுத்துக்கொண்டவர்கள் கொஞ்சம் பேர்தான். சில மெட்டல் பாட்டுகள் பத்து நிமிடத்தில் காதைச் சலிக்கவைக்க இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கற்றுக்கொண்டிருக்கிற டிரம்ஸ் பிள்ளைகள் இங்கே யாராவது இருந்தால், க்ருப்பாவைத் தேடிக் கேளுங்கள் கண்ணுகளா.

முதல் ஆல்பம் 1969 அக்டோபரில் லண்டனில் பதிவானது. ஒரே நாள், ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். பப்பில் வாசிப்பதை அப்படியே வாசித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். மழைச் சத்தமும் மணிச் சத்தமும் பிறகு சேர்த்தது. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியீடு. பிரிட்டனின் ஆல்பம் பட்டியலில் எட்டாவது இடம் வரை போனது. விரல் போன வெல்டர், பீட்டில்ஸ் பித்து பிடித்த ஹாரன்காரர், ஜாக் புரூஸைப் பின்தொடர்ந்த கீசர், பிக் பேண்ட் கேட்டு வளர்ந்த பில், நால்வரும் அந்த ஒரு நாளில் ஒரே அறையில் இருந்தார்கள். அதைத்தான் அந்த ரெகார்டில் கேட்கிறோம்.

நடுவில் பிரிந்தார்கள், சேர்ந்தார்கள், ஒப்பந்தத் தகராறில் பில் விலகி நின்ற காலமும் உண்டு. கடைசியில் 2025 ஜூலை 5 அன்று ஆஸ்டனிலேயே, வில்லா பார்க் மைதானத்தில் ஒரே மேடைக்கு வந்தார்கள். நால்வரும் சேர்ந்து வாசித்து இருபது வருடம் ஆகியிருந்தது. ஓசி வளர்ந்த லாட்ஜ் ரோட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாமல் சிம்மாசனம் போன்ற நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். பதினேழு நாள் கழித்து, ஜூலை 22இல் காலமானார்.

அந்த மேடையில் நால்வரும் சேர்ந்து முதலில் எடுத்த பாட்டு யுத்தத்தைப் பற்றியது, ‘வார் பிக்ஸ்’. விமானத் தாக்குதல் சைரனில் தொடங்கும். அது அடங்கியதும் குரலுக்கு நடுநடுவே டிரம்ஸில் ஜால்ரா மாதிரி இருக்கும் ஹை-ஹாட் மட்டும், அளந்து அளந்து விழும். அன்றைக்கு பில்லுக்கு 77 வயது. அந்தத் தட்டுக்களை நீங்களே கேட்கவேண்டும்.

தம்பி, அந்த சைரனைப் போடுப்பா.