மனை முடிவாகும் முன்னே கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஓர் ஊருக்குப் புதிதாகக் காவல் நிலையமும் தீயணைப்பு நிலையமும் ஒரே வளாகத்தில் வரப்போகின்றன என்று வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன நடக்கும்? கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும். மேடையில் அதிகாரிகள், பின்னால் ஒரு பெரிய வண்ணப் படம். அந்தப் படத்தில் மரமெல்லாம் வளர்ந்து நிழல் தந்துகொண்டிருக்கும். கன்று நடவே இன்னும் குழி தோண்டியிருக்க மாட்டார்கள்! "உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்" என்பார்கள். சுவருக்கு இந்த நிறம் வேண்டாம் என்பார் ஒருவர். பெயர்ப்பலகை பெரிதாக இருக்கட்டும் என்பார் இன்னொருவர். எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார்கள். கூட்டம் கலைந்துவிடும்.

மனை எது என்பது அதற்கு வெகுநாள் முன்பே முடிவாகியிருக்கும். வாசல் எந்தத் தெருவைப் பார்க்கும் என்பதும் முடிவாகியிருக்கும். இந்த மாதிரிக் கட்டடங்களை வரைவதே தொழிலாக இருந்தவன் நான். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றே ஒன்று: மக்களைக் கேட்பதென்றால் மனை முடிவாகும் முன்னே கேளுங்கள். நிறத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

1969இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பெண்மணி ஒரு கட்டுரை எழுதினார். மக்கள் பங்கேற்பை எட்டுப் படி உள்ள ஏணியாகப் பிரித்தார். அடியில் முதல் படியில் மக்களை ஏய்ப்பது, உச்சியில் முடிவே மக்கள் கையில். கருத்துக் கேட்பது எத்தனையாவது படி தெரியுமா? நாலாவது. அதையும் ஒப்புக்குச் செய்கிற வகையில்தான் சேர்த்தார் அவர். நம் கூட்டங்கள் பலவும் அந்த நாலாவது படிக்கே மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகின்றன.

சரி, மனையில் அப்படி என்ன இருக்கிறது? நேரம் இருக்கிறது. அமெரிக்காவில் 1710 என்று எண்ணிட்ட ஒரு தர நெறி உண்டு. தீ என்று செய்தி வந்ததும் உடை மாட்டிக்கொண்டு வண்டி கிளம்ப 80 விநாடி, முதல் வண்டி இடத்துக்குப் போய்ச் சேர 240 விநாடி, அதாவது நாலு நிமிடம் என்று அது சொல்கிறது. நாலு நிமிடத்துக்கு ஏன் இவ்வளவு அடம்? ஸ்பாஞ்சும் பிளாஸ்டிக்கும் நிறைந்த இன்றைய கூடத்தில் தீப்பிடித்தால், ஐந்து நிமிடத்துக்குள்ளேயே அறை முழுக்க ஒரே வீச்சில் பற்றிக்கொள்ளலாம் என்று சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். மரமும் பருத்தியுமாக இருந்த பழைய காலத்து அறை இதற்கு அரை மணி நேரம் வரைகூட எடுத்துக்கொண்டது. வீட்டுச் சாமான் மாறிவிட்டது, தெரு மாறவில்லை.

இந்த நாலு நிமிடத்தைக் கணினியில் போட்டு, இந்த மனையிலிருந்து இவ்வளவு தூரம் எட்டும் என்று நிபுணர்கள் ஒரு வட்டம் வரைவார்கள். அப்படி ஒரு வட்டம் மாட்டிய கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். கடைசி வரிசையிலிருந்து பெரியவர் ஒருவர் எழுந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கேட்டது ஒரே கேள்வி: "ஐயா, இந்த நாலு நிமிஷம் எத்தனை மணிக்கு எடுத்தது?"

பொறியாளர், "அது சராசரிங்க" என்றார்.

"நெருப்பு சராசரி பார்த்துப் பிடிக்குமா?"

சொல்லிவிட்டு நேரே படத்துக்கு முன்னால் வந்து நின்றார். பென்சில் வாங்கினார். இது பள்ளிக்கூட வாசல், காலையில் அரை மணி நேரம் இங்கே எறும்புகூட நகராது என்று ஒரு கோடு. இது ரயில்வே கேட், சரக்கு வண்டி வந்தால் மூடினது மூடினதுதான் என்று இன்னொரு கோடு. இந்தச் சுரங்கப்பாதை மழை பெய்தால் குளம். இந்த முனையில் இரண்டு பக்கமும் கார் நிற்கும், நீள வண்டி ஒரே திருப்பில் திரும்பாது, பின்னால் எடுத்துத்தான் திரும்பணும். இந்தத் தெருவில் ஒயர் தாழத் தொங்குகிறது, பஸ்ஸே உரசும், ஏணி வண்டி எப்படிப் போகும்? அவர் பென்சிலைக் கீழே வைத்தபோது அந்த அழகான வட்டம், பல் விழுந்த வாய் மாதிரி ஆகியிருந்தது.

அதற்கப்புறம் கூட்டமே வேறு கூட்டம். ஆளாளுக்குப் படத்தண்டை வந்துவிட்டார்கள். இரவு ஷிப்ட் முடிந்து திரும்புகிற ஒரு பெண் சொன்னார்: பஸ் நிறுத்தத்திலிருந்து காவல் நிலையத்துக்குப் போகிற வழியில் லாரிகள் நிறுத்துகிற இடம், விளக்கே கிடையாது. "புகார் கொடுக்கப் போனால் வழியிலேயே இன்னொரு புகார் சேர்ந்துவிடும்." நிபுணர்களின் அறிக்கையில் இந்த வழி ஒரு புள்ளிக் கோடாக மட்டும் இருந்தது.

கடைசியில் அங்கே மனை மாறவில்லை. வாங்கி முடித்துவிட்டார்களே! ஆனால் தீயணைப்பு வண்டி வெளியேறும் வாசல் பக்கத்துத் தெருவுக்குப் போனது. ரயில் பாதைக்கு அந்தப்புறம் ஒரே ஒரு வண்டி நிற்க ஒரு சிறு நிலையம் சேர்ந்தது. காவல் நிலைய வாசல் பஸ் நிறுத்தத்தைப் பார்த்துத் திரும்பியது. கூட்டத்தை முன்னாலேயே கூட்டியிருந்தால் இந்தச் சிறு நிலையத்துக்கான செலவே மிஞ்சியிருக்கும்.

மனையைப் பார்த்தால் மட்டும் போதாது, பக்கத்து மனையையும் பார்க்க வேண்டும். 1906 ஏப்ரல் 18, விடியற்காலை, சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கம். தீயணைப்புத் துறைத் தலைவர் டென்னிஸ் சல்லிவன் நிலையக் கட்டடத்திலேயே தங்கியிருந்தார். பக்கத்து ஓட்டலின் மேல்பகுதி இடிந்து நிலையத்தின் மேல் விழுந்தது. அவர் படுகாயப்பட்டு நாலு நாள் கழித்து இறந்துபோனார். ஊர் பற்றி எரிந்துகொண்டிருக்கிறது, தண்ணீர்க் குழாய்கள் உடைந்து கிடக்கின்றன, இவற்றையெல்லாம் யோசித்து வைத்திருந்த மனிதர் படுக்கையில். இப்போது நிலநடுக்க விதிகள், சாதாரணக் கட்டடத்துக்குக் கணக்கிடுவதைப் போல ஒன்றரை மடங்கு விசையைத் தாங்கும்படி தீயணைப்பு நிலையத்தை வடிவமைக்கச் சொல்கின்றன. ஊரே விழுந்தாலும் அது நிற்க வேண்டும், கதவும் திறக்க வேண்டும். நிலைச்சட்டம் கோணிக் கதவு மாட்டிக்கொண்டால் உள்ளே எத்தனை வண்டி இருந்து என்ன பயன்? பக்கத்துச் சுவர் எவ்வளவு பழையது, எந்த மழையில் எங்கே தண்ணீர் ஏறும் என்று அங்கேயே குடியிருப்பவரைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்.

காவல் நிலையத்தின் சங்கதி வேறு. தீயணைப்பு நிலையத்துக்கு மக்கள் போவது அபூர்வம், வண்டிதான் மக்களிடம் போகும். காவல் நிலையத்துக்கு மக்கள் நடந்து போக வேண்டும், அதுவும் பயந்துகொண்டு. ஜப்பானில் கோபான் என்று தெருமுனையில் சிறு காவல் சாவடிகள் உண்டு, 1874இல் டோக்கியோவில் தொடங்கியது. வழி கேட்கவும், தொலைந்த குடையைத் தேடவும் அங்கே சர்வசாதாரணமாகப் போகிறார்கள். நம் வளாகத்தில் அந்த அளவு முடியாவிட்டாலும், அடிபட்டு வந்த பெண்ணும் அடித்ததற்காகப் பிடித்து வரப்பட்டவனும் ஒரே பெஞ்சில் உட்காரும்படி வரைந்துவிடக் கூடாது. வாசலே இரண்டாக இருக்க வேண்டும். கைதியை இறக்குகிற வாசல் பின்னால், மதிலுக்குள். இதைச் சொல்லப் பெரிய படிப்பு வேண்டாம். புகார் கொடுக்கப் போய் வந்த யாரையும் கேளுங்கள்.

ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப்புறம் கையைக் காட்டுகிறார்கள், இன்னும் இரண்டு நிமிடம்தானாம். உள்ளே வேலை செய்கிறவர்களைப் பற்றிச் சொல்ல நிறைய வைத்திருந்தேன். அவர்களும் மக்கள்தான், அவர்களையும் கேட்க வேண்டும். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் அறிவித்துவிட்டது. தீயணைக்கும் தொழிலையே 2022இல் அதே பட்டியலில் சேர்த்தது. ஆகவே வண்டிப் புகையை வண்டியிலிருந்தே குழாய் வைத்து வெளியே இழுக்க வேண்டும். தீயில் போய் வந்த உடைக்குத் தனி அறை, படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அது வரக் கூடாது. முடிந்தால் வண்டி ஒருபுறம் நுழைந்து மறுபுறம் போகட்டும், பின்னால் எடுக்கிற வேலையே இருக்காது.

சத்தம் பற்றி எல்லாக் கூட்டத்திலும் கேட்பார்கள். நிலையத்துக்கு முன்னால் தனி சிக்னல் வைத்து, வண்டி புறப்படும்போது இரு பக்கமும் சிவப்பு விழ வைத்தால், நள்ளிரவில் வாசலிலேயே சைரன் போட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

இன்னும் ஒன்று. திறப்பு விழா முடிந்து ஒரு வருடம் ஆனதும் அதே மக்களை மறுபடி கூப்பிட வேண்டும். எந்த அழைப்புக்கு எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார்கள் என்ற பதிவேட்டை, எத்தனை மணிக்கு என்பதோடு சேர்த்து, அவர்கள் முன்னால் பிரித்து வைக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று சொல்ல இன்றைக்கு நேரம் இல்லை. வணக்கம்.