தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை இல்லாத காலம்

அவையில் இருக்கிற எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூர் கொவிட்டைச் சமாளித்த கதையைக் கேட்டால் செயலி, முகக்கவசம், தடுப்பூசி என்று வரிசையாகச் சொல்வார்கள். அதெல்லாம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் சமாளிக்கிற வசதி அந்தத் தீவில் யாருக்கு இருந்தது, யாருக்கு இல்லை என்று பார்த்தால் கதை கொஞ்சம் வேறு மாதிரி போகும்.

2020 பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை. நோய்ப் பரவல் எச்சரிக்கை நிலையை, உச்சமான சிவப்புக்கு ஒரு படி கீழே, ஆரஞ்சுக்கு ஏற்றுகிறார்கள். அன்று சாயங்காலமே பேரங்காடிகளில் அரிசி, மீ (நூடுல்ஸ்) பாக்கெட், கழிவறைத் தாள் எல்லாம் காலி. மறுநாள் தைப்பூசம், காவடிகள் வழக்கம்போல் நடந்தன என்பது வேறு விஷயம். சாப்பாட்டில் 90 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வரவேண்டிய ஊரில் அரிசி மூட்டைக்கு ஓடியவர்களைப் பார்த்து நான் சிரிக்க மாட்டேன். அடுத்த மாதமே, மார்ச் 18 அன்று, மலேசியா தன் மக்களின் நடமாட்டத்தை முடக்கியது. தினமும் எல்லைக்கு அப்பாலிருக்கும் மலேசிய மாநிலமான ஜொகூரிலிருந்து பாலம் கடந்து வேலைக்கு வந்தவர்களை முதலாளிகள் அவசர அவசரமாக ஹோட்டல் அறையிலும் தெரிந்தவர் வீட்டிலும் தங்கவைக்க வேண்டியிருந்தது. ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று 14 இரவுகள் வரை அரசாங்கம் கை கொடுத்தது.

அப்புறம் ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சர்க்கியூட் பிரேக்கர், அதாவது சிங்கப்பூரின் ஊரடங்கு. கேலாங் சிராய், சோங் பாங் மாதிரி கூட்டம் மொய்க்கும் சந்தைகளில் அடையாள அட்டையின் கடைசி எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து, தேதிக்கு ஏற்ப உள்ளே விட்டார்கள். பபிள் டீ கடைகள் இன்று இரவோடு மூடல் என்று அறிவித்த ஏப்ரல் 21 அன்று அந்தக் கடைகளின் முன்னால் நின்ற வரிசையை நினைத்தால் இன்னும் சிரிப்புதான் வருகிறது, இதற்கு மட்டும் சிரிக்கலாம்.

மலிவு விலைச் சாப்பாட்டுக் கடைகள் சேர்ந்திருக்கும் உணவங்காடிகளில் கடை வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம். உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, டபாவ், அதாவது பார்சல் மட்டும். காலமெல்லாம் கல்லாவில் ரொக்கம் வாங்கிப் பழகிய பெரியவர்கள் க்யூஆர் கட்டணத்துக்கும் ஃபேஸ்புக் விளம்பரத்துக்கும் மாற வேண்டியதாயிற்று. உணவு விநியோகச் செயலிகள் விற்பனையில் பெரிய பங்கைக் கழிவாக எடுத்துக்கொள்ள, ஒரு தட்டு சாப்பாட்டை மலிவாக விற்கிறவருக்கு மிச்சம் என்ன நிற்கும்? அதனால் கடைக்காரர்களே ஃபேஸ்புக்கில் ஒரு குழு தொடங்கி நேரடியாக ஆர்டர் பிடித்தார்கள். பெரிய நிறுவனங்களின் சமாளிப்பு வேறு ரகம். பறக்க வழியில்லாத சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், அந்த அக்டோபரில் சாங்கியில் நின்றுகொண்டிருந்த ஏ380 விமானத்தையே உணவகமாக்கியது. 53.50 வெள்ளியிலிருந்து 642 வெள்ளி வரை கட்டணம், முதல் இரண்டு நாள் இடங்கள் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிட்டன!

இத்தனைக்கும் பின்னால் பணம் இருந்தது. ஒரே ஆண்டில் நான்கு வரவுசெலவுத் திட்டங்கள், கிட்டத்தட்ட 10,000 கோடி வெள்ளி. ஊழியரை வீட்டுக்கு அனுப்பாதே, ஏப்ரல், மே மாதங்களில் சம்பளத்தின் முதல் 4,600 வெள்ளியில் 75 சதவீதத்தை நான் தருகிறேன் என்று அரசாங்கம் முதலாளிகளிடம் சொன்னது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்.

இங்கேதான், வசதி யாருக்கு இல்லை என்று தொடக்கத்தில் நான் கேட்டதற்கு வருகிறேன். விடுதிகளில் இருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு ஊழியர்கள், நம் தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளும் பங்களாதேஷ் பிள்ளைகளும் அதில் உண்டு, இரட்டை அடுக்குக் கட்டில்களில், ஓர் அறைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர், இன்னும் கூடுதலாகவும் படுத்திருந்தவர்கள், ஒரு மீட்டர் இடைவெளி விடு என்றால் எங்கே விடுவார்கள்? ஏப்ரலில் பொங்கோலில் இருந்த எஸ்11 விடுதியில் தொடங்கி ஒவ்வொன்றாக அடைத்தார்கள். சாப்பாடு, மருத்துவம், வைஃபை எல்லாம் கொடுத்தார்கள், சம்பளத்தை நிறுத்தக் கூடாது என்றும் உத்தரவு போட்டார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். டிசம்பரில் கணக்கெடுத்தபோது விடுதி ஊழியர்களில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது.

மற்றவர்கள் ஜூன் 19 முதல் ஐந்து பேராக உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இவர்களுக்கு விடுதி, வேலையிடம், மறுபடி விடுதி. 2021 செப்டம்பரில்தான் வாரத்துக்கு 500 பேர், தடுப்பூசி போட்டவர்கள், தேக்கா என்று நாம் சொல்கிற லிட்டில் இந்தியாவுக்குச் சில மணி நேரம் போய்வரலாம் என்று சோதனை அடிப்படையில் விட்டார்கள்.

அதுவரை தேக்கா என்ன ஆயிற்று? சிராங்கூன் சாலையின் பணம் அனுப்பும் கடை, சிம் அட்டைக் கடை, மளிகை, முடிதிருத்தகம் எல்லாம் இந்த ஊழியர்கள் வந்து கூடும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நம்பி வாடகை கட்டியவை. எத்தனை கெட்டிக்கார வியாபாரியாக இருந்தாலும், வாடிக்கையாளரை வெளியே விடாத ஊரில் எந்தச் செயலி அவரைக் கொண்டுவந்து நிறுத்தும்? நகரம் சாமர்த்தியமாக மாறியது என்று பாராட்டும்போது இந்தத் தெருவையும் கணக்கில் சேருங்கள்.

விடுதிகள் மாறினவா என்று கேட்பீர்கள். 2021இல் புது விதி வந்தது: அறைக்கு 12 பேர்தான், ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர், அறையோடு சேர்ந்த கழிவறை. ஆனால் அது புதிதாகக் கட்டும் விடுதிகளுக்கு. பழைய விடுதிகள் அந்த அளவை முழுதாக எட்ட 2040 வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.