படிவம் 6-ஐ மாற்றச் சொல்லிக் கேட்போம்

பெரியோர்களே, கொழுந்தெடுத்துவிட்டு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாமார்களே, வணக்கம்.

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கொடுக்கும் படிவம் 6-ஐ மாற்றக் கேட்டு மனுவில் கையெழுத்துப் போடத்தான் இன்று கூடியிருக்கிறோம். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுப் பக்கம் போடியில் ஏப்ரல் 19-இல் வாக்குப்பதிவு. மலையேறி கேரளத்துக்கு வந்தால் நம் தேவிகுளத்தில் ஏப்ரல் 26. 2019-லும் அங்கே 18, இங்கே 23. இப்படி இடைவெளி விழும்போதெல்லாம் "எஸ்டேட்காரங்களுக்கு ரெண்டு ஓட்டு" என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. அந்தப் பேச்சு பெயர் நீக்கும் மனுவாக மாறினால், ஒரே ஓட்டை ஒழுங்காகப் போட்டு வந்தவரும் சேர்ந்து அடிபடுவார்.

சட்டத்தில் குழப்பம் இல்லை. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி ஒருவர் பெயர் ஒரு தொகுதியில்தான் இருக்கலாம். வீடு சொந்தமாக இருப்பதாலேயே ஒருவர் அந்த ஊர்வாசி ஆகிவிடமாட்டார் என்கிறது 20-ஆம் பிரிவு. ஆகவே போடியில் வீடு கட்டியிருந்தாலும், லயத்தில், அதாவது எஸ்டேட்டின் வரிசை வீட்டில், குடியிருந்து வேலைக்குப் போகிறவருக்கு ஓட்டு இங்கேதான். பணிக்கொடை வாங்கி, லயத்தைக் காலி செய்து, கீழே குடியேறிய பிறகுதான் அங்கே.

சிக்கல் அப்படிக் குடியேறும்போது வருகிறது. 2022 ஆகஸ்ட் 1 முதல் படிவம் 6 புதிய வாக்காளருக்கு மட்டும். இடம் மாறுகிறவர், மாநிலம் விட்டு மாநிலம் போனாலும், படிவம் 8 கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் சென்டரில் போய் "ஓட்டு சேர்க்கணும்" என்றால் 6-ஐ நிரப்பிவிடுகிறார்கள். "இதுதான் முதல்முறை, வேறெந்தத் தொகுதியிலும் என் பெயர் இல்லை" என்ற உறுதிமொழி அதிலேயே இருக்கிறது. படிக்காமல் கையெழுத்து விழுகிறது. புது எண்ணோடு புது வாக்காளர் அட்டை வந்துவிடும். தேவிகுளம் பட்டியலில் பழைய பெயர் அப்படியே கிடக்கும். தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் அதே சட்டத்தின் 31-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் உண்டு. கணினி தானாகக் கண்டுபிடிக்கும் என்றும் நம்பியிருக்க முடியாது. உதாரணத்துக்கு, பழனியம்மாள் என்ற பெயரின் 'ழ' ஆங்கிலத்தில் ஒரு பட்டியலில் இஸட்-எச், இன்னொன்றில் எல். அப்பா பெயர் இங்கே இனிஷியல், அங்கே முழுப்பெயர்.

நாம் கேட்கும் முதல் மாற்றம் சின்னது. படிவம் 6-இன் தொடக்கத்திலேயே ஒரு கேள்வி வரட்டும்: இதற்கு முன் எந்த மாநிலத்திலாவது பெயர் இருந்ததா, அட்டை எண் என்ன? ஆம் என்று எழுதினால், அந்த மனுவையே படிவம் 8 ஆக எடுத்துக்கொள்ள வேண்டும்; தள்ளுபடி செய்யக் கூடாது. புதிய இடத்தில் சேர்த்த பிறகே பழைய இடத்தில் நீக்க வேண்டும் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். இந்த வரிசை உயிரானது. முதலில் நீக்கிவிட்டு, பிறகு சேர்க்கும் மனு நின்றுபோனால் இரண்டு ஊரிலும் பெயர் இருக்காது. வேட்புமனு கடைசி நாள் தாண்டினால் அந்தத் தேர்தல் முடியும்வரை பட்டியலில் கை வைக்க முடியாது.

அடுத்தது முகவரிச் சான்று. வீட்டுப் பத்திரம், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம், நிலப் பதிவேடு என்று படிவம் கேட்கிறது. லயத்து வீடு கம்பெனியுடையது. இதில் ஒன்றும் நம்மிடம் கிடையாது. மிஞ்சுவது ஆதாரும் பாஸ்புக்கும். அதிலும் கீழூர் முகவரி இருந்தால் போச்சு. சான்றே இல்லாதவர்களை பி.எல்.ஓ. என்கிற வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் விசாரித்துச் சேர்க்க வழி உண்டு. ஆனால் அவர் வருவது பகலில். அப்போது லயத்தில் யார் இருக்கிறார்கள்? ஆகவே ரேஷன் கார்டும் எஸ்டேட் நிர்வாகம் தரும் குடியிருப்புச் சான்றும் பட்டியலில் சேர வேண்டும். பி.எல்.ஓ. வரும் தேதியை மஸ்டர் (வருகைப் பதிவு) எடுக்கும் இடத்தில் முன்கூட்டியே ஒட்ட வேண்டும். அதுவரை, முகவரி எழுதும்போது எஸ்டேட், டிவிஷன், லய எண், வீட்டு எண், பஞ்சாயத்து வார்டு ஐந்தையும் எழுதுங்கள்.

பெயர் நீக்கும் நோட்டீஸ் தமிழிலும் வர வேண்டும். பட்டியலில் இருப்பவரை விசாரிக்காமல் நீக்கக் கூடாதென்று லால் பாபு ஹுசேன் வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. படிக்கத் தெரியாத மொழியில் வரும் நோட்டீஸுக்கு யார் விசாரணைக்குப் போவார்கள்?

வாக்குச்சாவடியில் காட்டும் அடையாளத்தில் நாம் மாற்றம் கேட்கவில்லை. அட்டை இல்லாவிட்டாலும் பாஸ்புக், வேலை உறுதித் திட்ட அட்டை என்று 12 ஆவணங்களில் ஒன்று போதும். பட்டியலில் பெயர் இல்லையென்றால்தான் அத்தனையும் வீண்.

இதையெல்லாம் ஒரே மனுவில் எழுதினால் அது மேசை மேசையாகச் சுற்றும். படிவங்கள் 1960-ஆம் ஆண்டு வாக்காளர் பதிவு விதிகளோடு சேர்ந்தவை. 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28-ஆம் பிரிவுப்படி தேர்தல் ஆணையத்தைக் கலந்துகொண்டு ஒன்றிய அரசுதான் அவற்றைத் திருத்த முடியும். ஆகவே கேள்வியும் சான்றுப் பட்டியலும் சட்ட அமைச்சகத்துக்கு, நகல் தேர்தல் ஆணையத்துக்கு. தேதி ஒட்டுவதும் தமிழ் நோட்டீஸும் திருவனந்தபுரத்தில் இருக்கும் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு. இந்த இரண்டாவது மனுவைத் தமிழிலேயே கொடுக்கலாம். மாநில அரசோடு தமிழில் எழுத்துப் போக்குவரத்து நடத்தும் உரிமையை 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் இங்குள்ள தமிழருக்குத் தந்திருக்கிறது. முதல் மனுவோடு ஆங்கில மொழிபெயர்ப்பு இணையட்டும்.

கையெழுத்துப் போடுகிறவர்கள் பெயரோடு வாக்காளர் பட்டியலில் உள்ள பாகம் எண், வரிசை எண் இரண்டையும் எழுதுங்கள். இரண்டு ஊரிலும் பெயர் இருப்பவர்கள் இன்றைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். முதலில் குடியிருக்காத ஊரில் உங்கள் பெயரை நீக்கச் சொல்லி நீங்களே படிவம் 7 கொடுங்கள். ஒப்புகை எண்ணை வாங்கிக்கொண்டு வந்து பிறகு போடுங்கள். எந்த ஊர் என்று சந்தேகம் இருந்தால் வாக்காளர் உதவி எண் 1950-க்குப் போன் செய்து கேட்கலாம். படிவங்கள் மேடைக்கு இடப்பக்க மேசையில் இருக்கின்றன.