இருப்புநிலைக் குறிப்பில் குட்வில்

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நேரு வீதியில் மூன்று தலைமுறையாக நடக்கிற ஒரு ஜவுளி நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். பேருக்கே கூட்டம் வருகிறது. சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பில் அந்தப் பேருக்கு என்ன தொகை இருக்கும்? ஒன்றும் இருக்காது. கணக்கில் குட்வில் என்று சொல்கிற இந்த நற்பெயர் தானாக வளர்ந்திருந்தால், அதைச் சொத்தாகக் காட்டக் கூடாது என்கிறது கணக்கியல் தரநிலை 26. அதை உண்டாக்க ஆன செலவை நம்பகமாக அளக்க முடியாது என்பதால்தான் இந்தத் தடை.

ஒரு தொழிலை இன்னொருவர் விலை கொடுத்து வாங்கும்போதுதான் குட்வில் ஏட்டில் ஏறும். கொடுத்த விலையில் நிகரச் சொத்து போக மிஞ்சுவதுதான் அது. பண்ருட்டியில் ஒரு முந்திரி ஆலையைப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனம் ஒன்று 5 கோடிக்கு வாங்கித் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது, கற்பனைக் கணக்குதான். ஆலையின் கடன் போக நிகரச் சொத்து, புத்தகப்படி 2 கோடி. அப்படியானால் குட்வில் 3 கோடி என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது தப்பு. புத்தக மதிப்பு பழையது. வாங்கிய நாளின் நியாய மதிப்பை, அதாவது அன்று சந்தையில் போகும் விலையைப் பிடிக்க வேண்டும். 40 லட்சம் என்று எழுதியிருக்கும் நிலம் இன்று 1 கோடியே 20 லட்சம் போகும். 80 லட்சம் கூடுகிறது. ஆலையின் வணிகக் குறி, அதாவது டிரேட்மார்க், தனியாக விற்கக்கூடியது. அதற்கு 50 லட்சம். வசூலாகாத பாக்கி 20 லட்சத்தைக் கழியுங்கள். நிகரம் 3 கோடியே 10 லட்சம். குட்வில் மீதி 1 கோடியே 90 லட்சம்தான். ஒத்திவைத்த வரி, அதாவது இந்த மதிப்பு மாற்றங்களால் பின்னால் வரக்கூடிய வரி, அந்தக் கணக்கை இங்கே விட்டுவிட்டேன்.

சேர்க்காமல் பங்குகளை மட்டும் வாங்கினால், தனிக் கணக்கில் அது வெறும் முதலீடு. குட்வில், வாங்கிய நிறுவனத்தையும் சேர்த்துப் போடும் ஒருங்கிணைந்த கணக்கில்தான் தெரியும்.

சிறிய நிறுவனங்கள் பழைய தரநிலை 14-இன்படி, இணைப்பில் வந்த குட்வில்லைப் பொதுவாக 5 ஆண்டுகளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாக எழுதித் தீர்க்கும். பட்டியலிட்ட நிறுவனங்கள் இந்திய கணக்கியல் தரநிலை 36-இன்படி, அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆண்டுக்கு ஒருமுறை மதிப்பு குறைந்ததா என்று சோதிக்க வேண்டும். சங்கடம் இந்தச் சோதனையில்தான். நம் ஆலை ஆண்டுக்கு 50 லட்சம் ரொக்கம் நிலையாகத் தரும் என்று கொள்வோம். வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துப் பார்க்கும் வட்டிதான் தள்ளுபடி விகிதம். அது 10 சதவீதம் என்றால் மதிப்பு 5 கோடி, நட்டமே இல்லை. 12 சதவீதம் என்றால் சுமார் 4 கோடியே 17 லட்சம். வாங்கிய 5 கோடிக்குக் குறைகிற 83 லட்சத்தை முதலில் குட்வில்லிலிருந்து வெட்ட வேண்டும், வெட்டியதைப் பிறகு திரும்ப ஏற்றவும் முடியாது. இரண்டே சதவீதத்துக்கு இவ்வளவு! நிர்வாகத்துக்கு எந்த விகிதம் பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வருமான வரியிலும் ஒரு முடிச்சு. 2020-21 நிதியாண்டு முதல் குட்வில்லுக்குத் தேய்மானம், அதாவது ஆண்டுதோறும் வருமானத்தில் கழித்துக்கொள்ளும் தொகை, கிடையாது. வணிகக் குறிக்கு 25 சதவீதம் உண்டு. அதனால் விலையில் பெரும்பங்கை வணிகக் குறி மேல் தள்ளப் பார்ப்பார்கள். உருப்படியான மதிப்பீட்டு அறிக்கை கையில் இல்லாவிட்டால் அது நிற்காது.

பங்கு வாங்கும் நேயர்கள், நிறுவனத்தின் குறிப்புகளில் தள்ளுபடி விகிதத்தையும் வளர்ச்சி விகிதத்தையும் போன ஆண்டோடு ஒப்பிடுங்கள். பங்குதாரர் நிதியிலிருந்து குட்வில்லைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். கடன் கொடுக்கும் வங்கியும் அப்படித்தான் பார்க்கிறது.

வணக்கம்.