ஆறு அங்குலம்

நேயர்களுக்கு வணக்கம். நான் ஒரு இயன்முறை மருத்துவர். குரோம்பேட்டையிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் இருபது வருடங்களாக வீடு வீடாகப் போய் நடைப்பயிற்சி கொடுக்கிறேன். மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்தவர்கள், இவர்கள்தான் என்னிடம் வருகிறவர்கள். நடைபாதையைப் பற்றிப் பேச எனக்கென்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். நான் படாதபாடு பட்டு நடக்க வைத்தவர்கள், சொந்த வீட்டு வாசலைத் தாண்ட முடியாமல் உள்ளேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். அதனால்தான் பேச வந்தேன்.

போன வருடம் ஒரு அம்மா. எழுபத்தாறு வயது. வலது முழங்காலில் ஆபரேஷன். மூன்றே மாதத்தில் வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டார். மொட்டை மாடியில் பத்து சுற்று நடப்பார். ஆனால் தெருவுக்கு வரமாட்டேன் என்றார். தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலுக்கு மறுபடி நடந்து போகவேண்டும் என்றுதான் ஆபரேஷனுக்கே சம்மதித்தவர் அவர். "மாடியில் இவ்வளவு நடக்கிறீங்களே, தெருவில் என்னம்மா பயம்?" என்று கேட்டேன். "நீ கூட வா, காட்டுறேன்" என்றார்.

போனோம். கோயில் முன்னூறு மீட்டர் தூரம் இருக்கும். மழைநீர் வடிகால்மேல் போட்ட சிலாப்தான் அங்கே நடைபாதை. அதில் கால் வைக்கவே ஒன்றேகால் அடி ஏறவேண்டும். நாலு வீடு தாண்டினால் ஒரு வீட்டுக்காரர் கார் ஏற்றச் சரிவு போட்டிருக்கிறார், இறங்கவேண்டும். அப்புறம் ஏறவேண்டும். அடுத்து ஒரு மின்சாரப் பெட்டி, சாலையில் இறங்கிச் சுற்றவேண்டும். அதற்கடுத்து கம்பி வேலி போட்ட பூச்செடிகள். போவதற்கு மட்டும் பதினேழு தடவை ஏறி இறங்க வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். பிடித்துக்கொள்ள எங்கும் ஒரு கம்பி கிடையாது. "ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்" என்று நாங்கள் பாடம் மாதிரி சொல்லிக்கொடுப்போம். ஒவ்வொரு சிலாப்பிலும் நின்று, வாய்க்குள் அதைச் சொல்லிக்கொண்டே கால் வைத்தார் அந்த அம்மா. பாதி வழியில் முடியாமல் சாலையிலேயே இறங்கிவிட்டார். பின்னால் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. என் கையை அவர் பிடித்த பிடியில் வளையல் அழுந்திய தடம் வீட்டுக்கு வந்த பிறகும் இருந்தது.

2022-இல் நம் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். அந்தக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிடிதான் ஞாபகம் வருகிறது.

நடைபாதை கேட்கிறவர்கள் பெரும்பாலும் அகலத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அகலமும் வேண்டும்தான். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்திய சாலைக் குழுமத்தின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறி, தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் விடச் சொன்னது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே போகிற அகலம் அது. ஆனால் அதே ஆவணம் விளிம்பின் உயரத்துக்கும் வரம்பு வைத்தது: 150 மில்லிமீட்டர், அதாவது ஆறு அங்குலம். வீட்டு மாடிப்படியின் உயரமும் கிட்டத்தட்ட அதுதான். தொடைத் தசை வலுவிழந்த ஒருவரால் ஆறு அங்குலம் ஏறமுடியும். அதையே ஒன்றேகால் அடியாக்கினால், அவருக்கு அது சுவர்.

இவ்வளவு உயரம் எப்படி வந்தது? சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில் தெருவே வருடாவருடம் உயர்ந்தது. இன்னும் உயரும் என்று கணக்குப் போட்டு வடிகாலையும் தூக்கிக் கட்டுவதை எங்கள் பகுதியில் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் வண்டியை உள்ளே விடவேண்டுமே, அவர் சரிவு போடுகிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போடவேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். அது ஒவ்வொரு உள்தெருவிலும் நடந்தால் பாதிச் சிக்கல் தீரும். மீதிக்கு ஒரு எளிய வழி உண்டு. கேட்டுக்கு முன்னால் நடைபாதையைத் தாழ்த்தாமல் ஒரே மட்டமாக விட்டு, விளிம்பில் மட்டும் வண்டிக்குச் சின்னச் சரிவு கொடுக்கவேண்டும். கார் ஏறி இறங்கட்டும். மனிதர் நேராக நடக்கட்டும்.

சென்னை மாநகராட்சி 2014-இலேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் தனிக் கொள்கை வகுத்தது. 2019-இல் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறந்தார்கள். அங்கே அந்த அம்மாவால் சுகமாக நடக்கமுடியும். ஆனால் அங்கே போய்ச் சேர ஆட்டோ பிடிக்கவேண்டும். பிள்ளையார் கோயிலும் ரேஷன் கடையும் பேத்தியின் பள்ளிக்கூடமும் இருப்பது இங்கேதான். ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 2021-இல் உருவானது தாம்பரம் மாநகராட்சி. எங்கள் குரோம்பேட்டையும் அதில்தான் வருகிறது. புறநகரின் உள்தெருக்களை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

நடைபாதைப் பூக்கடைகளை அகற்றுங்கள் என்று சிலர் சொல்லும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. நூறு மீட்டருக்கு ஒருமுறை உட்காரவேண்டியவர்கள் என் நோயாளிகள். எங்கள் தெருவில் அவர்களுக்கு இருக்கிற ஒரே இருக்கை பூக்கார அம்மாவின் ஸ்டூல்தான். கடைக்கு ஓரமாக இடம் ஒதுக்கிவிட்டு நடக்க வழி விடலாம்.

சிக்னலையும் சொல்லியாகவேண்டும். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்று கணக்கு வைத்தால் முப்பது மீட்டர் சாலையைக் கடக்க 25 நொடி. கைத்தடியோடு நொடிக்கு அரை மீட்டர் நடப்பவருக்கு ஒரு நிமிடம் வேண்டும். நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு திட்டாவது வேண்டாமா?

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடைபாதை அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்றும், அது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இருக்கவேண்டும் என்றும் சொன்னது. சாலைப் பாதுகாப்புக்காக 2012-இல் அந்த வழக்கைத் தொடுத்தவர் கோவை எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன். உடைந்த எலும்புகளைத் தினமும் பார்க்கிற ஒருவர் நீதிமன்றம் வரை போனது எனக்கு நன்றாகவே புரிகிறது.

2022 நவம்பர் முதல் நாளிலிருந்து நகரப் பகுதிகளிலும் கிராம சபை போல பகுதி சபா கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு எடுத்துப்போக அந்த அம்மா ஒரு பட்டியல் தயார் செய்திருக்கிறார். தையல் டேப்பை பேத்தி பிடிக்க, இவர் சொல்லச் சொல்ல, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதியது. எங்கள் வாசல் 15 அங்குலம். அடுத்த வீடு 14. டிரான்ஸ்பார்மர் பக்கம் 18. மளிகைக்கடை 13. கடைசி வரியில், பிள்ளையார் கோயில் படி 6, பக்கத்தில் கைப்பிடி உண்டு என்று இருக்கிறது.

நன்றி, வணக்கம்.