5,000 ரூபாயில் பழைய டெஸ்க்டாப்புக்கு எதை மாற்றுவது? சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த முறை ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு கொஞ்சம் விரிவாகவே பேசப் போகிறேன். திருவாரூர் பக்கத்திலிருந்து ஒரு சகோதரர் கேட்டிருக்கிறார். கடைகளுக்கு டாலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு எழுதிக் கொடுப்பவர். அவர் சொல்வது இது: "டெஸ்க்டாப் 2013இல் வாங்கியது. ஐ3 3220 பிராசஸர், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. காலையில் ஆன் செய்தால் டாலி திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பையன் அதில்தான் கம்ப்யூட்டர் சயின்ஸ் பழகுகிறான். கடையில் கேட்டால் ஐ7 பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் போடச் சொல்கிறார்கள். என்னால் 5,000 ரூபாய்க்கு மேல் முடியாது. எதை மாற்றுவது?"

சகோதரரே, ஐ7 வேண்டாம், கிராபிக்ஸ் கார்டும் வேண்டாம். முதல் பணம் எஸ்எஸ்டிக்கு, அதாவது ஹார்டு டிஸ்க்கின் இடத்தில் போடும் வேகமான டிஸ்க்குக்கு. மிச்சம் ராமுக்கு, அதாவது ஓடுகிற புரோகிராம்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரிக்கு. அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆனால் நான் சொல்கிறேன் என்பதற்காக வாங்க வேண்டாம், உங்கள் மெஷினிலேயே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

நாளைக் காலை கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய், டாலியையும் குரோமையும் திறந்தபடி வரிசையாகக் கவனியுங்கள். சிபியு, அதாவது பிராசஸர், இருபது முப்பது சதவீதத்தில் சும்மா இருக்கும். டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இதுதான் தெரிகிறது என்றால், உங்கள் பிராசஸர் வேலை செய்ய முடியாமல் திணறவில்லை, டிஸ்க்கிலிருந்து ஃபைல் வரட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் ஐ7 போட்டாலும் அதுவும் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

ஹார்டு டிஸ்க் ஏன் இவ்வளவு தாமதம்? உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. கேட்டால் பெரிய வேகமாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நொடிக்கு 120 சுற்று, ஒரு சுற்றுக்கு 8 மில்லி செகண்டுக்கு மேல். தேவையான தகவல் தட்டில் எந்த இடத்தில் இருக்கிறதோ, அது படிக்கிற முள்ளுக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் முள் நகர்ந்து சரியான வட்டத்துக்குப் போக வேண்டும், அதற்கும் எட்டு ஒன்பது மில்லி செகண்ட். ஆக, சிதறிக் கிடக்கிற சின்னச் சின்ன ஃபைல்களைப் படிக்கும்போது நொடிக்கு எண்பது, நூறு தடவைக்கு மேல் அதனால் முடியாது. விண்டோஸ் எழுந்து வருவதற்கு அப்படிப்பட்ட துண்டுகள் ஆயிரக்கணக்கில் வேண்டும். எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் முள்ளும் இல்லை. ஒரு துண்டை எடுக்க 0.1 மில்லி செகண்ட் அளவுதான்.

இதனால்தான் இன்னொரு பயத்துக்கும் பதில் கிடைக்கிறது. "எச்61 போர்டில் சாட்டா 2 தானே இருக்கிறது, எஸ்எஸ்டி முழு வேகத்தில் ஓடாதே" என்று பலர் சொல்வார்கள். சாட்டா என்பது டிஸ்க்கைப் போர்டோடு சேர்க்கும் இணைப்பு, 2 என்பது அதன் பழைய, வேகம் குறைந்த வகை. உண்மைதான். பெட்டியில் நொடிக்கு 500 எம்பி என்று போட்டிருந்தால் உங்களுக்கு 250 போலத்தான் வரும். ஆனால் அந்த எண் ஒரே பெரிய ஃபைலை இழுக்கிற வேகம். அன்றாடம் நீங்கள் உட்கார்ந்து தவிப்பது அதனால் இல்லை, முள் அலைகிற நேரத்தால். அந்த நேரம் அடியோடு போய்விடுகிறது. தைரியமாக வாங்குங்கள்.

எதை வாங்குவது? 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி என்று கேட்டு வாங்குங்கள். சின்னக் குச்சி போல இருக்கும் எம்.2 வகையை உங்கள் போர்டில் செருக இடமே கிடையாது. 240 அல்லது 256 ஜிபி போதும். டாலி டேட்டாவெல்லாம் அளவில் சிறியதுதான். இதை மட்டும் புதிதாக, பில்லோடு, வாரண்டியோடு வாங்க வேண்டும். செகண்ட் ஹேண்ட் எஸ்எஸ்டி எவ்வளவு எழுதித் தேய்ந்திருக்கும் என்று வெளியிலிருந்து தெரியாது. ஆன்லைனில் அடிமாட்டு விலைக்கு "2 டிபி" என்று வருகிறதே, அந்தப் பக்கமே போகாதீர்கள். கொஞ்சம் எழுதியதும் மீதி ஃபைல் எல்லாம் காணாமல் போகிற போலிகள் அதில் நிறைய. மெமரி, எஸ்எஸ்டி விலை இப்போதெல்லாம் வாரத்துக்கு வாரம் மாறுகிறது. கடையில் ஒரு விலை, ஆன்லைனில் ஒரு விலை இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்து ராம். 4 ஜிபியில் விண்டோஸ் 10 எழுந்து உட்கார்ந்தாலே பாதி போய்விடும். குரோமில் நாலு டேப் திறந்தால் மீதியும் தீர்ந்தது. தீர்ந்ததும் விண்டோஸ் என்ன செய்யும் என்றால், ராமில் இருப்பதை எடுத்து டிஸ்க்கில் வைத்துக்கொள்ளும், தேவைப்படும்போது திரும்பக் கொண்டுவரும். ஏற்கனவே மூச்சு வாங்குகிற டிஸ்க்குக்கு இது கூடுதல் சுமை. டிஸ்க் 100 சதவீதம் காட்டுவதில் ராம் பற்றாக்குறைக்கும் பங்கு இருக்கிறது. அதனால் 8 ஜிபி ஆக்குவது இரண்டாவது வேலை. டாஸ்க் மேனேஜரில் மெமரியைத் தொட்டால் இரண்டு ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று அதுவே காட்டும். ஒன்று காலியாக இருந்தால் இன்னொரு 4 ஜிபி போட்டால் போதும். இரண்டும் சேர்ந்து டூயல் சேனலில், அதாவது இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில், ஓடும்.

டிடிஆர்3 டெஸ்க்டாப் ராம் என்று சொல்லிக் கேளுங்கள். அதற்கு அடுத்து வந்த டிடிஆர்4 உள்ளே போகாது, விளிம்பில் இருக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். லேப்டாப் ராம் நீளத்தில் சின்னது. ராமைப் பொறுத்தவரை செகண்ட் ஹேண்ட் பரவாயில்லை. சென்னைக்கு வருகிறவர்கள் ரிச்சி தெருவில் கேட்டால் கிடைக்கும், உங்கள் ஊர் சர்வீஸ் கடைகளிலும் கழற்றி வைத்தது இருக்கும். கடையிலேயே போட்டு ஆன் செய்து பார்த்து, வேலை செய்யாவிட்டால் மாற்றித் தருவீர்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வீட்டில் மெம்டெஸ்ட் என்ற இலவச சோதனையை ஓர் இரவு ஓட விடுங்கள். ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கணக்கு எழுதுகிற மெஷினில் பிழையுள்ள ராம் இருக்கவே கூடாது. ஒரு எச்சரிக்கை: மிகக் குறைந்த விலையில் 8 ஜிபி டிடிஆர்3 ஒன்று வரும், மூலையில் "ஏஎம்டி மட்டும்" என்று எழுதியிருக்கும். உங்களுடையது இன்டெல் போர்டு, அதில் அது ஓடாது.

சிலரிடம் 32 பிட் விண்டோஸ் இருக்கும். அதில் 8 ஜிபி போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் பயன்படாது. செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று போய்ப் பாருங்கள். 32 என்று இருந்தால் புதிதாகப் போடும்போது 64 பிட் போட்டுவிடுங்கள்.

கடையில் சொன்னதைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். ஐ7 3770 உங்கள் போர்டில் பொருந்தும், ஓடும். இரண்டு கோர் நான்காகும், வீடியோ எடிட்டிங் செய்பவருக்கு வித்தியாசம் தெரியும். ஆனால் அந்தப் பணம், பிராசஸர் உட்காரும் அந்த சாக்கெட்டோடு முடிந்துபோகிற பணம். நாளைக்கு வேறு மெஷின் வாங்கினால் அந்த ஐ7 உங்களோடு வராது. எஸ்எஸ்டி வரும். கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம். கையில் காசு குறைவாக இருக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. ஜிடி 710 போன்ற கார்டைத் தலையில் கட்டுவார்கள், யூடியூப் திக்காமல் ஓடும் என்று சொல்வார்கள். யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற வகைகளில் வீடியோவை அனுப்புகிறது. உங்கள் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்கு அவற்றை விரித்துக் காட்டத் தெரியாது, அதனால் முழு பாரமும் பிராசஸர் மேல் விழுகிறது. ஜிடி 710க்கும் விபி9 தெரியாது! காசு கொடுத்தும் அதே நிலைமைதான். அதற்குப் பதில் குரோமில் எச்264ஐஃபை போன்ற இலவச எக்ஸ்டென்ஷன் ஒன்றைப் போடுங்கள். யூடியூபைப் பழைய எச்.264 வகையில் அனுப்பச் சொல்லும். அது உங்கள் பழைய இன்டெல் கிராபிக்ஸுக்கு நன்றாகத் தெரிந்த வகை. 1080பி வரை போதும் என்பவருக்கு இதுவே தீர்வு.

சரி, மாட்டுவது எப்படி? எஸ்எஸ்டியை மாட்டி, அதில் விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும். முதலில் டாலி டேட்டா ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் எடுங்கள், இன்னொரு பிரதி வேறெங்காவது வையுங்கள். அப்புறம் டாலிக்குள் போய் லைசென்ஸை சரண்டர் செய்யுங்கள், அதாவது பழைய விண்டோஸிலிருந்து விடுவித்துவிடுங்கள். இதைச் செய்யாமல் ஃபார்மட் அடித்துவிட்டு, புது விண்டோஸில் ஆக்டிவேட் ஆகவில்லை என்று அலைபவர்கள் நிறையப் பேர். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் தேதி நெருங்கும்போது இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனை ஒரு முறை அழுத்துங்கள், உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் போய்விடும். கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள். எஸ்எஸ்டியைப் பொருத்த 2.5 இன்ச் இடம் பழைய கேபினெட்டில் இருக்காது. பிராக்கெட் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டினாலும் ஒன்றும் ஆகாது, அதற்குள் அசைகிற பாகமே கிடையாது. சாட்டா டேட்டா கேபிள் ஒன்று தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

விண்டோஸ் போடும்போது பழைய ஹார்டு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். இதை வலியுறுத்திச் சொல்கிறேன். இரண்டும் சேர்ந்திருந்தால் பல நேரம் விண்டோஸ் எஸ்எஸ்டியில் போய் உட்காரும், ஆனால் மெஷின் எழுந்து வரத் தேவையான பூட் பகுதியைப் பழைய டிஸ்க்கில் வைத்துக்கொள்ளும். ஒரு வருடம் கழித்து அந்த டிஸ்க் போனால் மெஷின் எழுந்திருக்காது. பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் போர்டின் செட்டிங்ஸில், சாட்டா மோடு ஐடிஈ என்ற பழைய முறையில் இருந்தால் ஏஎச்சிஐ என்று மாற்றிவிட்டு இன்ஸ்டாலைத் தொடங்குங்கள். ஏற்கனவே ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10 என்றால், போர்டு மாறாததால் நெட் இணைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

கேபினெட் திறந்திருக்கும்போதே சில்லறைச் செலவு வேலைகளையும் முடித்துவிடுங்கள். பிராசஸர் ஃபேனில் படிந்த தூசியை பிரஷ்ஷால் தட்டுங்கள். பிராசஸரின் சூட்டை மேலே கடத்தும் தெர்மல் பேஸ்ட், 2013லிருந்து மாற்றாதது, காய்ந்து பொடியாகியிருக்கும், புதிதாகப் பூசுங்கள். ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பின்னால் போகிறதா? போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றுங்கள். பல இணையதளங்கள் "பாதுகாப்பற்றது" என்று திறக்க மறுப்பதற்கு அந்தத் தவறான தேதி ஒரு காரணம்.

விண்டோஸ் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு கொடுத்தார்கள். விண்டோஸ் 11 உங்கள் பிராசஸரை அதிகாரபூர்வமாக ஏற்காது, இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். நீட்டிப்பு முடிந்த விண்டோஸில் பேங்க் வேலை பார்க்காதீர்கள். எஸ்எஸ்டியிலேயே 60 ஜிபி ஒதுக்கி, விண்டோஸ் போன்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் மிண்ட்டையும் போடுங்கள். டாலிக்கு மட்டும் விண்டோஸ், பிரவுசர் வேலைக்கும் பையன் படிப்புக்கும் மிண்ட். பதினொன்றாம் வகுப்பு சி++, பன்னிரண்டாம் வகுப்பு பைத்தான் இரண்டும் அதில் இலவசமாக, அருமையாக ஓடும்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுடையது டிடிஆர்2 ராம் போடும் கோர் 2 டியோ காலத்து மெஷின் என்றாலோ, போர்டில் சின்ன உருளை போல நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தாலோ, இதில் ஒரு ரூபாயும் போடாதீர்கள். இன்னும் கொஞ்சம் சேர்த்து, ஆபீஸ்களிலிருந்து கழித்து வரும் ஆப்டிபிளெக்ஸ், எலைட்டெஸ்க், திங்க்சென்டர் போன்ற டெஸ்க்டாப்புகளில் எட்டாம் தலைமுறை பிராசஸர் உள்ள ஒன்றைப் பாருங்கள்.

கடைசியாக, பழைய ஹார்டு டிஸ்க்கை என்ன செய்வது என்றும் அவர் கேட்டிருக்கிறார். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். "குட்" என்று நீல நிறத்தில் காட்டினால் திரும்ப மாட்டி, படம், வீடியோ, பழைய வருடக் கணக்குகளை அதில் வைத்துக்கொள்ளலாம். மஞ்சளில் "காஷன்" என்று வந்தால் அன்றைக்கே அதிலிருப்பதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுக் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.